சுருட்டுப் பெட்டி கிட்டாருக்கு ஃப்ரெட் வைக்கலாமா, வேணாமா?

கேள்வி: அண்ணா, நான் அமெரிக்காவுல ராலே பக்கம் இருக்கேன், இதுவரைக்கும் எந்த வாத்தியமும் வாசிச்சதில்ல. ஒருத்தர் சுருட்டுப் பெட்டி கிட்டார்ல ஸ்லைடு (விரல்ல மாட்டி கம்பி மேல தேய்க்கிற குழாய்) போட்டு வாசிக்கிற வீடியோ பாத்ததுல இருந்து அந்த சவுண்டு மண்டைக்குள்ளயே ஓடுது, அதனால சிகார் கடையில காலி மரப்பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் தச்சு வேலை செய்வார், ஃப்ரெட்லெஸ்ஸா, அதாவது ஃப்ரெட்டுங்கற மெட்டுக் கம்பியே இல்லாம செஞ்சிடு, சனி ஞாயிறுல முடிஞ்சிடும்னு சொல்றார். எனக்கும் ஃப்ரெட் வைக்கிறதுன்னா பயம்தான், மில்லிமீட்டர் தப்பினா மொத்தமும் போச்சுன்னு சொல்றாங்க. ஆனா வீணை கத்துக்கிற என் பொண்ணு (வயசு பத்து, வரிசைகள் முடிச்சிருக்கா) மெட்டு இல்லாம எந்த ஸ்வரம் எங்க இருக்குன்னு எப்படிப்பா தெரியும்னு கேக்குறா, அவளுக்கும் இத வாசிக்க ஆசை. இருக்கிறது ஒரே பெட்டி. எது சரி?

பதில்: தம்பி, ஃப்ரெட் வைங்க. உங்க பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி, பக்கத்து வீட்டுக்காரர் செய்ற வேலைய மட்டும் கணக்கு பண்றார், அவ வாசிக்கிறதயும் சேத்து யோசிக்கிறா.

அவர் சொல்றது பொய்யில்ல. ஃப்ரெட்லெஸ் செய்றது நிஜமாவே சுலபம்தான், ஒரு ஓக் சட்டம், பெட்டி, மூணு முறுக்காணி, கம்பிய ரெண்டு முனையில தாங்குற நட்டுக்கும் (முறுக்காணிப் பக்கம்) பிரிட்ஜுக்கும் (பெட்டி மேல) ஆளுக்கொரு போல்ட்டு, அவ்ளோதான். இந்த வாத்தியமே அப்படித்தான் பிறந்திச்சு. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல சிப்பாய்ங்க சுருட்டுப் பெட்டியில ஃபிடில் செஞ்சு வாசிச்சிருக்காங்க, ஓவியர் எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-ல போட்ட ஒரு படத்துல அது இருக்கு. மிசிசிப்பி பக்கம் கருப்பின மக்கள் வீட்டுச் சுவத்துலயே ஒத்தக் கம்பி அடிச்சு பாட்டில வச்சு தேய்ச்சு வாசிச்சாங்க, டிட்லி போன்னு பேரு, உங்கள பிடிச்சிருக்கிற அந்த அழுற சவுண்டோட வேர்ல அதுவும் ஒண்ணு. டெக்சாஸ்ல ப்ளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ் சின்னப் பையனா இருக்கும்போது தனக்குத்தானே சுருட்டுப் பெட்டியில கிட்டார் செஞ்சுக்கிட்டவர்தான். எல்லாமே பழசுன்னு நினைச்சுடாதீங்க, 2012 டிசம்பர் 12-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல சாண்டி புயல் நிவாரணக் கச்சேரிக்கு பால் மெக்கார்ட்னி ஏறினப்போ அவர் கையிலயும் சுருட்டுப் பெட்டி கிட்டார்தான், அதுல ஸ்லைடு போட்டு வாசிச்சார்.

ஆனா செய்ய சுலபம்ங்கறது ரெண்டு நாள் சமாச்சாரம், வாசிக்கப் போறது வருஷக்கணக்கா, அங்கதான் ஃப்ரெட்லெஸ் கஷ்டம் காட்டும். நெக்குல, அதான் அந்த ஓக் சட்டத்துல, பேனாவால கோடு போட்டுக்கலாம், எல்லாரும் போடுறதுதான், ஆனா ஸ்லைடு அந்தக் கோட்டுக்கு நேர் மேல நிக்கணும், ஃப்ரெட்டுக்குப் பின்னாடி விரல் வைக்கிற மாதிரி கோட்டுக்குப் பின்னாடி வச்சா சுருதி இறங்கிடும், அதுவும் நீங்க மேல இருந்து சாய்வா பாக்கிறதால கண்ணே உங்கள ஏமாத்தும். கடைசில காதுதான் சொல்லணும் சரியா தப்பான்னு. உங்களுக்கு அந்தக் காது இன்னும் வளரல, வளர நாளாகும், அதுல ஒண்ணும் தப்பில்ல. பொண்ணுக்கு ஓரளவு வளர்ந்திருக்கு, அதனாலயே அவளுக்கு நீங்க வாசிக்கிறது உறுத்தும்.

சரி, ஸ்லைடு வேணாம், ஃப்ரெட்லெஸ்ல வெறும் விரலால அமுக்கலாமேன்னு தோணும். அமுக்கலாம், ஆனா விரல் நுனி மெத்துன்னு இருக்கிறதால கம்பியோட அதிர்வ அது உறிஞ்சிடும், டொப்புன்னு ஒரு சத்தம் வந்து அடங்கிடும். உலோக ஃப்ரெட்ல கம்பி அமுங்கும்போது கெட்டியான ஒரு முனை கிடைக்குது, அதனாலதான் நாதம் நிக்குது. நம்மூர்லயே ரெண்டும் இருக்கே, வீணையில 24 மெட்டு, விரலால வாசிக்கிறோம், கோட்டுவாத்தியத்துல மெட்டே கிடையாது, அங்க விரல் கிடையாது, கையில உருட்டுக்கட்டை வச்சுத்தான் வாசிக்கணும். திருவிடைமருதூர் சகாராம் ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி மாதிரி பெரியவங்க எத்தனை சாதகம் பண்ணி அந்த சுத்தத்த கொண்டு வந்திருப்பாங்கன்னு யோசிங்க.

இப்ப உங்க பொண்ணு விஷயத்துக்கு வரேன், எனக்கு இந்தக் கடிதத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். மூணு கம்பி சுருட்டுப் பெட்டி கிட்டார பெரும்பாலும் G D G-ன்னு டியூன் பண்ணுவாங்க. அத மெல்லிசுல இருந்து தடிச்சது வரைக்கும் படிச்சுப் பாருங்க, ச, கீழ ப, அதுக்கும் கீழ ச. வீணையில சாரணி, பஞ்சமம், மந்தரம்னு கம்பிங்க எப்படி நிக்குதோ அப்படியே! அனுமந்தரம் மட்டும்தான் இல்ல. அதனால ஒரு ஸ்தாயிக்கு 12 ஃப்ரெட் வச்சீங்கன்னா அவ சரளி வரிசை வாசிக்கிற மாயாமாளவகௌளை அதே எண்ணிக்கையில இங்க உக்காந்துடும், மெல்லிசுக் கம்பிய சும்மா மீட்டினா ச, 1-வது ஃப்ரெட் ரி, 4 க, 5 ம, 7 ப, 8 த, 11 நி, 12 மேல் ச. முதல் நாளே அவளால வாசிக்க முடியும், நீங்கதான் அவகிட்ட கத்துக்கணும். வீணை அளவுக்கு மெட்டு உசரமில்லாததால கம்பிய ரொம்ப இழுத்து கமகம் பண்ண முடியாது, அத மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க, இல்லேன்னா ஏமாந்துடுவா.

இதே காரணத்துக்காக இன்னொன்னும் சொல்லிடறேன். அங்க அப்பலாச்சியன் மலைப்பக்கம் வாசிக்கிற டல்சிமர்ங்கற கம்பி வாத்தியம் மாதிரி, ஏழு ஸ்வரத்துக்கு மட்டும் ஃப்ரெட் வைக்கிற முறை ஒண்ணு இருக்கு, வேலை கம்மி, தப்பு ஸ்வரமே வராதுன்னு சொல்லி உங்ககிட்ட யாராவது தள்ளப் பாப்பாங்க, வேணாம். அதுல ரி, த-வுக்கு மேல சொன்ன 1-வது, 8-வது இடத்து ஃப்ரெட் இருக்காது, பொண்ணோட சரளி வரிசை அங்கயே நின்னுடும்.

உங்களுக்கான பாட்டுக்கும் ஃப்ரெட் குறைச்சல் இல்ல. சும்மா மூணு கம்பியும் மீட்டினா G, 5-ல ஒரு விரல குறுக்க போட்டா C, 7-ல போட்டா D, பன்னெண்டு பார் ப்ளூஸ் (பன்னெண்டு தாளக்கட்டா சுத்தி வர்ற ப்ளூஸ் பாட்டு) முழுக்க இந்த மூணுலயே ஓடும். ஸ்லைடுல இதையும் செய்யலாம்தான், ஆனா ஸ்லைடு நேர்க்கோடு, மூணு கம்பியும் ஒரே இடத்துல, ஒரு கம்பிக்கு ஒரு இடம் இன்னொண்ணுக்கு வேற இடம்னு பிடிக்கணும்னா விரலும் ஃப்ரெட்டும்தான் கதி.

அப்ப அந்த அழுற சவுண்டு போச்சான்னு கேப்பீங்க, போகல. இங்கதான் ஆக்‌ஷன் முக்கியம், அதாவது கம்பி எவ்ளோ உசரத்துல நிக்குதுன்னு. ஸ்லைடுக்கு மட்டும்னா 12-வது ஃப்ரெட் கிட்ட 5, 6 மில்லிமீட்டர் வைப்பாங்க, விரலுக்கு மட்டும்னா 2, 2.5 போதும். நீங்க 3, 3.5 வைங்க. பொண்ணு விரலுக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கும் ஆனா அமுங்கும், நீங்க ஸ்லைட லேசா வச்சா ஃப்ரெட்ல இடிக்காது. அமுக்காதீங்க, கம்பி மேல சும்மா படுத்திருக்கணும் அவ்ளோதான், ஸ்லைடுக்குப் பின்னாடி இருக்கிற விரல்கள கம்பி மேல லேசா போட்டு வைங்க, தேவையில்லாத கரகரப்பு அடங்கும். ஸ்லைடு தனியா வாங்கணும்னுகூட இல்ல, டூல் பெட்டியில நீளமான சாக்கெட் இருந்தா சுண்டு விரல்ல மாட்டிப் பாருங்க.

இனி உங்க பயம். மில்லிமீட்டர் தப்பினா மொத்தமும் போச்சுங்கறத நம்பாதீங்க. நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் 25 இஞ்ச், அதாவது 635 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க, முதல் ஃப்ரெட் 35.6-ல வரும், 11-வதுக்கும் 12-வதுக்கும் நடுவுல இடைவெளி கிட்டத்தட்ட 19. அரை மில்லிமீட்டர் தப்பினாக்கூட அந்தக் கடைசி இடத்துல ஒரு அரைச் சுரத்தோட நூத்துல மூணு பங்குதான் நகரும், நட் பக்கம் போகப் போக இன்னும் கம்மி, பொண்ணோட டீச்சருக்கே கேக்குமாங்கறது சந்தேகம். உண்மையான ஆபத்து வேற. ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தின ஃப்ரெட்ல இருந்து அளந்தா சின்னச் சின்ன தப்பெல்லாம் சேந்துக்கிட்டே போய் 12-வதுல பெருசாயிடும், அதனால எல்லாத்தையும் நட்ல இருந்தே அளங்க: 35.6, 69.3, 101, 131, 159.3, 186, 211.2, 235, 257.4, 278.6, 298.6, 317.5. கடைசி எண் சரியா பாதி, அத வச்சு சரிபாத்துக்குங்க.

ஃப்ரெட் கம்பி உக்கார்ற வெட்டு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 0.6 கிட்ட இருக்கணும், சாதா ரம்பம் பெருசா வெட்டிடும், ஃப்ரெட் கம்பி நிக்காது. இதுக்காக தனி ரம்பம் வாங்குறதுக்கு பதிலா, வெட்டு போட்டே விக்கிற ஃப்ரெட்போர்டு பட்டைய வாங்குங்க, அமெரிக்காவுல சுருட்டுப் பெட்டி கிட்டாருக்குன்னே கிடைக்குது, கால் இஞ்ச் கனம் இருக்கும், பயப்பட வேண்டிய வேலை பாதி அங்கயே முடிஞ்சிடும். அது எந்த ஸ்கேலுக்கு, அதாவது நட்-பிரிட்ஜ் தூரத்துக்கு, வெட்டினதுன்னு பாத்து பிரிட்ஜ அந்த தூரத்துல வைங்க. ஃப்ரெட் அடிச்சு முடிச்சதும் ஓரத்த அரத்தால நல்லா ராவிடுங்க, குழந்தை கை கிழிஞ்சா அப்புறம் அந்தப் பக்கமே வராது.

பக்கத்து வீட்டுக்காரர் மனசும் நோக வேணாம், அவர் சொன்ன மாதிரியே முதல்ல சட்டத்த பெட்டி மூடியோட மட்டமா வச்சு ஃப்ரெட்லெஸ்ஸா கட்டி, ரெண்டு வாரம் ஸ்லைடு மட்டும் போட்டு ஆசை தீர வாசிங்க, அப்புறம் அந்தப் பட்டைய மேல ஒட்டி நட்டையும் பிரிட்ஜையும் அந்தக் கால் இஞ்ச் அளவுக்கு உசத்திடலாம். ஆனா இத முன்னாடியே முடிவு பண்ணி, நட்ட பசை போட்டு ஒட்டாம விடணும். பிரிட்ஜ எப்பவுமே ஒட்டாதீங்க, கம்பி இழுவையிலயே நிக்கும். 12-வது ஃப்ரெட்ல அமுக்கினா வர்ற ஸ்வரமும் அதே இடத்துல கம்பிய லேசா தொட்டு மீட்டினா வர்றதும் ஒண்ணா இருக்கணும், அமுக்கினது ஏறி இருந்தா பிரிட்ஜ கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. தடிச்ச கம்பி பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலா தள்ள வேண்டி வரும், சாய்வா நிக்குதேன்னு கவலப்படாதீங்க, அது அப்படித்தான் நிக்கணும்.

பெட்டிக்குள்ள போற இடத்துல சட்டத்தோட மேல்பக்கத்த 3 மில்லிமீட்டர் செதுக்கி எடுத்துடுங்க, மூடி மரத்துல இடிக்காம அதிரணும், இத விட்டா எந்த கிட்டாரும் ஊமைதான்.

கம்பிக்கு எலக்ட்ரிக் கிட்டார் செட், 11-ல ஆரம்பிக்கிறது (மெல்லிசுக் கம்பி 0.011 இஞ்ச்) வாங்கி அதுல 5, 4, 3-வது கம்பிய எடுங்க. 5-வது A-வ G-க்கு இறக்குங்க, மத்த ரெண்டும் அது அது இடத்துலயே இருக்கட்டும். அக்கூஸ்டிக் செட்டுல 3-வது கம்பி பெரும்பாலும் சுத்தின கம்பியா வரும், எலக்ட்ரிக்ல வெறும் கம்பி, பொண்ணு இழுக்க அதான் சுலபம். முறுக்கும்போது ஒண்ணு ரெண்டு அறுந்து போகும், ரெண்டு செட்டா வாங்கி வைங்க.