மன்னிப்பே இல்லாத பாவமா?

கேள்வி: அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த இரவு, ஆத்திரத்தில் பரிசுத்த ஆவியானவரைத் திட்டிவிட்டேன். இப்போது ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் இராப்போசனத்துக்கு எழும்பப் பயமாக இருக்கிறது. எனக்கு மன்னிப்பே இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, பரிசுத்த ஆவியானவரைத் தூஷிப்பவருக்கு மன்னிப்பே இல்லை என்கிற மாற்கு 3:29 உடன் பயந்து வேதாகமத்தை மூடிவிடாமல் 30ஐயும் வாசியுங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், அடித்துச் சொன்னார்கள். அந்தப் பிடிவாதத்துக்கான எச்சரிக்கை அது. துக்கத்தில் வாய் தவறுவது வேறு. முன்பு தேவதூஷணம் செய்தவன், அதாவது கடவுளைப் பழித்தவன், என்று தன்னைப் பற்றிப் பவுலே எழுதுகிறார் (1 தீமோத்தேயு 1:13). அவருக்கும் இரக்கம் கிடைத்ததே! மனம் கல்லாகிப்போனவர் இப்படிக் கடிதம் எழுதிக் கேட்கவும் மாட்டார். சரி, ஆராதனை முடிந்ததும் உங்கள் போதகரோடு ஒருதரம் கதையுங்கள். அப்புறம், நடுச்சாமத்தில் கைபேசியில் பிரசங்கம் தேடிப் பார்ப்பவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். பாதி வெறும் பயமுறுத்தல்.