பூமி எப்போது ரொட்டேட், எப்போது ரிவால்வ்?

கேள்வி: ரொட்டேட், ரிவால்வ் இரண்டுக்கும் என் அகராதி ‘சுழல்’ என்றே பொருள் தருகிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னதி முன்னால் நின்ற இடத்திலேயே நம்மைச் சுற்றிக்கொள்கிறோமே, ஆத்மப் பிரதட்சிணம், அது ரொட்டேட். பிரகாரத்தை வலம் வந்தால் ரிவால்வ். அச்சு பொருளுக்குள்ளேயே இருந்தால் முன்னது. வேறொன்றை நடுவில் வைத்துச் சுற்றினால் பின்னது. 23 மணி 56 நிமிடத்தில் பூமி ஒருமுறை தன்னையே சுற்றிக்கொள்வது ரொட்டேட். ஏறத்தாழ 365¼ நாளில் சூரியனை வலம் வருவது ரிவால்வ். நிலாவுக்கு இரண்டுக்குமே 27.3 நாள்தான். அதனால்தான் அது எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது. அங்கப்பிரதட்சிணத்துக்கு என்ன சொல் என்று யாரும் மடக்க வேண்டாம்: உருள்வது ரோல், வலம் வருவது ரிவால்வ், புண்ணியம் இரண்டுக்கும் சேர்த்து.

கேள்வி: ரிவால்வர், ரிவால்விங் டோர் எல்லாம் தன் அச்சிலேயே சுழல்கின்றனவே. பெயர் தவறா?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். மேலே சொன்ன விதி வானியல் வகுப்பில் கறாராக இருக்கும். வாசலைத் தாண்டினால் தளர்ந்துவிடும். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில் தோட்டா உருளை தன் அச்சில்தான் சுழன்றது. தியோஃபிலஸ் வான் கன்னெல் 1888இல் காப்புரிமை பெற்ற சுழல்கதவும் அப்படியே. மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் ஆர்.பி.எம்.மில் உள்ள ‘ஆர்’ கூட ரெவல்யூஷன்தான். பெயராக நிலைத்துவிட்டதைத் திருத்தப் போகாதீர்கள். தேர்வுத்தாளில் மட்டும் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகச் சுழல் நாற்காலி?

பதில்: நம் கடைகளில் ரிவால்விங் சேர். ஆங்கிலேயர் வாயில் ஸ்விவல் சேர். கால் அசையாமல் நிற்க, மேல்பாகம் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பினால் ஸ்விவல்.

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் ஸ்பின் என்கிறார்கள், டர்ன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஸ்பின் பந்துவீச்சாளரின் விரலிலோ மணிக்கட்டிலோ பிறக்கிறது. டர்ன் ஆடுகளத்தில் பிறக்கிறது. காற்றில் பந்து தன்னைச் சுற்றிக்கொண்டே வருவது ஸ்பின். தரையில் பட்டதும் விலகுவது டர்ன். எவ்வளவு ஸ்பின் கொடுத்தாலும் களம் பிடி கொடுக்காவிட்டால் டர்ன் கிடைக்காது. ஸ்பின்னுக்குப் பழைய பொருள் நூற்றல்; கோவைக்காரர்களுக்கு ஸ்பின்னிங் மில்லை விளக்க வேண்டியதில்லை. தக்ளி சுழன்ற வேகம்தான் பின்னால் பம்பரத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘தெருமுனையில் பஸ் ரொட்டேட் ஆனது’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

பதில்: நானும் அடித்திருப்பேன். உங்கள் பஸ் முனையில் நின்று பம்பரம் ஆடுகிறது, பயணிகள் பாவம். திசை மாறினால் டர்ன். கால் சுற்று போதும், முழுச் சுற்று வேண்டியதில்லை.

கேள்வி: மீசையை முறுக்குவதற்கு?

பதில்: ட்வர்ல். விரல் நுனியில் அலட்சியமாகச் சுழற்றுவது. வேர்ல் என்று எழுதிவிடாதீர்கள். அது சூறைக்காற்றும் நீர்ச்சுழியும் செய்கிற வேலை, மீசை தாங்காது.