வரிசையாக நட்ட மரம் இயற்கையா?

அன்புள்ள ஐயா,

போலந்தின் துரேவ் வட்டாரம் பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சி என்று எழுதியிருந்தீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன். கோதுமை வயல், நடுவில் மரவரிசை, அவ்வளவுதான். மலை இல்லை, பெருங்காடு இல்லை. வரிசையாக நட்ட மரம் இயற்கையாகுமா? பாதுகாக்க அங்கே என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

'அவ்வளவுதான்' என்று தாண்டிவிட்டீர்களே, அந்த மரவரிசைக்காகத்தான் 1992ல் அங்கே நிலக்காட்சிப் பூங்கா அறிவித்தார்கள். 17,000 ஹெக்டேருக்கு மேல். பெரும்பகுதி இன்றும் உழுகிற நிலம். பூங்காவுக்கு வைத்திருப்பது அந்த மரங்களை நட்ட பண்ணைக்காரரின் பெயர்: டெசிடெரி ஹ்வபோவ்ஸ்கி.

சாதாரணப் பண்ணைக்காரர் இல்லை. நெப்போலியன் படையில் அதிகாரியாக இருந்தவர். அப்புறம் பிரிட்டன் போய் அங்கத்திய விவசாயத்தைக் கற்றுக்கொண்டு, கடனில் கிடந்த துரேவ் பண்ணைக்குத் திரும்பினார். பயிர்ச்சுழற்சி, குளோவர் என்ற தீவனப் பயிர், கூடவே 1820களிலிருந்து வயலோரங்களில் மரம் என்று கொண்டுவந்தார். நடுவே 1830-31 போலந்து எழுச்சியில் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டுச் சிறைக்கும் போனார். வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூல் 1835ல் வந்தது.

அழகுக்காக நட்டதாகத் தோன்றலாம். கணக்குப் பார்த்து நட்டவை அவை. போலந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் அந்தச் சமவெளியும் ஒன்று. வெட்டவெளியில் வீசும் காற்று மண்ணின் ஈரத்தைக் கொண்டுபோய்விடும். மரவரிசை காற்றைத் தணிக்கும். குளிர்காலத்தில் பனியை வயலிலேயே நிறுத்திவைக்கும். மரத்தை ஒட்டிய இடத்தில் நிழலாலும் வேராலும் விளைச்சல் அடிபடும், உண்மைதான். கொஞ்சம் தள்ளிப்போனால் அந்த நஷ்டம் ஈடாகிவிடும்.

அவருக்குத் தெரிந்திருக்கவே வழியில்லாத ஒன்றும் உண்டு. துரேவில் போலந்து அறிவியல் கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட், நிலத்தடி நீரோடு இந்த மரங்களின் வேர்ப்பகுதியைக் கடக்கும்போது பெருமளவு குறைந்துவிடுவதை அங்கே அளந்து காட்டினார்கள். அன்றைக்கு ரசாயன உரமே கிடையாது!

'இயற்கை' என்ற உங்கள் சந்தேகத்துக்கு வலு சேர்க்க நானே ஒன்று தருகிறேன். அவர் நட்டதில் நிறைய ரொபினியா, வட அமெரிக்க மரம். இன்று போலந்தின் சூழலியலாளர்களுக்கு அது ஆக்கிரமிப்பு இனம். தேன் வளர்ப்பவர்களுக்கோ அதன் பூ இல்லாமல் முடியாது. கிழட்டு ரொபினியாக்களை இருக்கவிட்டு, விழுந்த இடங்களில் ஓக் நடலாம் என்பது என் கட்சி.