ஓவன் இல்லாமல் ஸ்லோ குக்கரில் சாக்லேட் புட்டிங் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். மேலே கேக்கும் அடியில் சாஸுமாகத் தானே பிரியும் புட்டிங்தான் இதற்குப் பொருத்தம்.

3 லிட்டர் குக்கருக்கு மைதா 125 கிராம், சர்க்கரை 100 கிராம், கோகோ 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சிட்டிகை உப்பு. பால் 120 மி.லி., எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் விட்டுக் கலந்து, வெண்ணெய் தடவிய குக்கரின் உள்பாத்திரத்தில் பரப்புங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிராம் சர்க்கரையும் 3 டேபிள்ஸ்பூன் கோகோவும் தூவி, கொதிநீர் 300 மி.லி. மெதுவாக ஊற்றுங்கள். அப்புறம் கரண்டியே படக்கூடாது, கிளறினால் கூழ்தான்.

கோகோவுக்குப் பதில் டிரிங்கிங் சாக்லேட் வேண்டாம், அதில் பெரும்பாலும் சர்க்கரை.

'ஹை'யில் சுமார் 2 மணி நேரம். மூடியிலிருந்து நீர் சொட்டினால் மேல்பாகம் நசநசக்கும். மூடிக்கு உள்பக்கம் காட்டன் துணி கட்டி, நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். ஓரம் விலகி நடு லேசாக ஆடினால் பதம்.

கேக் உப்பவில்லையா? பெரும்பாலும் பேக்கிங் பவுடர்தான் காரணம். ராயபுரம், காசிமேடு கடற்காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் வீரியம் இழக்கும். அரை டீஸ்பூன் பவுடரை வெந்நீரில் போட்டதும் பொங்க வேண்டும்.

கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். டிஜிட்டல் மாடல்கள் பல, கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.