எலியின் கால், அம்மாவின் கால்

அன்புள்ள அக்கா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பையன் நான். பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிறேன். பச்சைத் தேயிலையில் இருக்கிற பொலிபீனோல், எலிகளின் மூட்டு வீக்கத்தைக் குறைத்ததாக வாசித்தேன். 25 வருடமாகக் கொழுந்து எடுக்கிற என் அம்மாவுக்குத் தீராத முழங்கால் வலி. அந்தச் சாற்றுக் குளிசையை வாங்கிக் கொடுக்கலாமா? இதற்காக எலிகளை வதைப்பது சரியா?

அன்புள்ள தம்பி,

குளிசை வேண்டாம். தேயிலைச் சாற்றுக் குளிசைகளில் ஈஜிசிஜி என்ற பொலிபீனோல் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018இல் எச்சரித்திருக்கிறது. தேத்தண்ணியாகக் குடிப்பது வேறு, அம்மா ஆசைப்பட்டால் குடிக்கட்டும். எலிகளை வதைப்பது பற்றிய கேள்வி பெரியது, இன்று அதற்குள் போகவில்லை.

நீங்கள் வாசித்தது 1999இல் அமெரிக்காவில் வந்த ஆய்வைப் பற்றி இருக்கும். பொலிபீனோல் கலந்த தண்ணீர் குடித்த சுண்டெலிகளில் 33 முதல் 50 சதவீதத்துக்கு மூட்டழற்சி வந்தது. வெறும் தண்ணீர் குடித்தவற்றில் 84 முதல் 100 சதவீதத்துக்கு. நல்ல ஆய்வு. ஆனால் அந்த எலிகளுக்கு நோய் எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தை ஊசியில் ஏற்றி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும்படி செய்தார்கள். அது முடக்குவாதத்துக்குக் கிட்டின நோய். அம்மாவுக்கு இருப்பது அதுவா, சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த மூட்டா? அந்த ஆய்வு பார்த்தது நோய் வராமல் தடுப்பதை. அம்மாவுக்கு வலி வந்து எத்தனை காலமாகிறது! விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, என்ன நோய் என்று கேட்காமல் மருந்தை மட்டும் தேடலாமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். விடிய எழும்பி, முழங்கால் இளகும்வரை காம்பிராச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் என்பதால் மழையிலும் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார். கேட்டால் வலிக் குளிசை கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரிச் சோதனைகளில் ஒவ்வொரு எலியின் ஒவ்வொரு பாதத்தையும் பார்த்து வீக்கத்துக்குப் புள்ளி போடுவார்கள், தடிப்பை அளப்பார்கள். மருந்து கிடைக்காத எலியின் காலையும் விடமாட்டார்கள். என் அம்மாவின் முழங்காலை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை தம்பி. நானும்தான் பார்க்கவில்லை.

நீங்கள் பாருங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: காலையில் மூட்டு விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? அரை மணித்தியாலத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணித்தியாலத்தையும் தாண்டினால், விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், சுணங்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் விழாது. குளிசைக்கு வைத்திருந்த காசை அந்த நாள் சம்பளமாக அவர் கையில் கொடுங்கள்.