அதிகாலையில் எழ முடியாதவர்களின் ஜெபம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறேன். காலை, பிற்பகல், இரவு என வேலைநேரம் மாறிக்கொண்டே இருக்கும். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்காத நாள் கர்த்தருக்குக் கொடுக்காத நாள் என்று எங்கள் சபையில் மூத்த சகோதரி ஒருவர் அடிக்கடி சொல்கிறார். இரவு வேலை முடிந்து வந்து ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். குற்ற உணர்வு வாட்டுகிறது. என்ன செய்யலாம்?
– ஈசூன் வாசகி

பதில்: அந்தச் சகோதரியின் பேச்சுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அவரே, ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நாளில் சாயங்காலம் மலையேறித் தனித்திருந்தார்; பன்னிரண்டு அப்போஸ்தலரைத் தெரிந்துகொள்வதற்கு முந்திய இரவு முழுவதையும் ஜெபத்தில் கழித்தார். ஒரு குறிப்பிட்ட மணியைச் சட்டமாக்க நினைப்பவர்களுக்குச் சுவிசேஷங்களில் ஆதாரம் கிடைப்பது கடினம்.

தானியேல், அந்நிய அரசின் உயர் அதிகாரியாக இருந்துகொண்டே, நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். ஆதித் திருச்சபையின் ஒழுங்கு நூலான ‘திதாக்கே’யும், கர்த்தர் கற்பித்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்கு அறிவுறுத்துகிறது. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த வேலைநேரத்திலும் மாறாமல் வந்துபோகும் மூன்று சந்தர்ப்பங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. வார்டுக்குள் நுழைவதற்கு முன், உணவு இடைவேளையின் தொடக்கத்தில், படுக்கைக்குப் போகும் முன் – இந்த மூன்றிலும் பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்லுங்கள்; நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. படுக்கும் நேரம் காலை ஒன்பது மணியாக இருந்தாலும், “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்” என்னும் நான்காம் சங்கீதத்தின் வரி உங்களுக்கும் பொருந்தும்.

இரவு வேலைக்குப் போகும் நாள்களுக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 134ஆம் சங்கீதம், இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நின்று பணிசெய்யும் ஊழியக்காரரைப் பார்த்துப் பாடப்பட்டது; மூன்றே வசனங்கள்தான் என்பதால் பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசலுக்கு நடக்கும் நேரத்திலேயே மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிடலாம். நோயாளி மாறும்போதெல்லாம் நீங்கள் கை கழுவுகிறீர்கள் அல்லவா? அந்தச் சில விநாடிகளில், கீழைத் திருச்சபையார் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் “கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, எனக்கு இரங்கும்” என்னும் சிறு ஜெபத்தை மனத்துக்குள் சொல்லி, அடுத்த படுக்கையில் இருப்பவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவைச் சரிபார்க்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அப்போது உங்கள் முழுக் கவனமும் நோயாளிக்கு உரியது.

ஜெபிக்கையில் தூங்கிவிடுவதைப் பற்றி: சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் தட்டியெழுப்பியது போஜனம்பண்ணத்தான். எலியா புசித்துக் குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் உணவு கிடைத்த பிறகே ஓரேப் மலைக்கு நடந்தார், தேவனோடு பேசியது அதற்கும் பிறகு. இரவெல்லாம் நின்று வேலைசெய்த உடம்பைத் தூங்கவிடுங்கள். நீண்ட தியானத்தை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டத்தை ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். வேலைக்குப் போய்வரும் ரயில் பயணம்தான் எனக்குக் கிடைக்கும் ஒரே நேரம்.
– செங்காங் வாசகர்

பதில்: வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அவற்றை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் சற்று அதிகமாக வாசிக்க வேண்டும். ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரங்கள் என்பதால், ஜனவரி முடியும் தறுவாயில் பலிகளைப் பற்றிய விதிமுறைகளில் போய் நிற்பீர்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் நாலு நாள் விட்டுப்போனால் பாக்கி ஏறிவிடும். விட்டதை அடைக்க முயலாமல், பதினாறே அதிகாரங்கள் கொண்ட மாற்கு சுவிசேஷத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்துவிட்டு, ஒரு சங்கீதம், ஒரு நிருபம் என்று மாற்றி மாற்றிச் செல்லுங்கள். நெரிசலில் கைப்பேசியைப் பிடிக்கவும் இடமில்லாத நாளில் ஒலி வேதாகமத்தைக் கேட்கலாம். பயணத்தில் வாசிப்பது குறைவான வாசிப்பு என்று யாராவது சொன்னால், எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரியை நினைவூட்டுங்கள். அவர் வாசித்தது சுவிசேஷகரான பிலிப்புவின் காதில் விழுந்ததால்தானே இருவருக்கும் இடையிலான உரையாடலே தொடங்கியது!

கேள்வி: பாடகர் குழு, வீட்டுக்கூட்டம், வாலிபர் பணி, உபவாச ஜெபம் என வாரத்தில் நான்கு மாலைகள் சபைக்கே போய்விடுகின்றன. என் அம்மா வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறார். அவர் எதுவும் சொல்வதில்லை.
– ஜூரோங் வாசகர்

பதில்: கடைசி வாக்கியத்தை எழுதியபோதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக, கொர்பானாக, விட்டுவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் மறுபடியும் வாசியுங்கள். நான்கில் இரண்டை விட்டுவிடுங்கள். எவற்றை விடுவது என்பதை உங்கள் போதகரோடு பேசி முடிவுசெய்யலாம். பந்தி விசாரணைக்கு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேரைத் தனியே நியமித்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ஆதிச் சபையின் வழிவந்தவர் அவர், மறுக்கமாட்டார். அப்படி விடுபடும் இரண்டு மாலைகளில் அம்மாவோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, அவருக்குப் பிடித்த பாமாலை ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். குடும்ப ஜெபத்துக்கு அதற்குமேல் ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை.