ஒரு செல் உயிர் பல செல் உயிராக மாறியதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன். பள்ளியில் "கோடிக்கணக்கான ஆண்டுகள்" என்று சொல்லி முடித்திருப்பார்கள், அதனால்தான் இந்தச் சந்தேகம் உங்களுக்கு.

2012-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்கிளிஃப், மைக்கேல் டிராவிசானோ குழு ஈஸ்ட் என்ற ஒரு செல் பூஞ்சையை வைத்துச் செய்து காட்டியது. குழாயில் வளர்த்து, சீக்கிரம் அடியில் படிந்ததை மட்டும் தினமும் புதுக் குழாய்க்கு மாற்றினார்கள். கூட்டமாக இருப்பது கனம், முதலில் படியும், பிழைக்கும். 60 நாளில் பனித்துகள் போலக் கொத்துகள் வந்துவிட்டன.

கோவையில் எம்எஸ்சி படித்தபோது ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறுவேன். "ஏன் அம்மணி, மண்டியை எடுத்து மண்டியை ஊத்தறதுக்கா காலேஜ் போற?" என்பார் அப்பாரு. எங்கள் தோப்புத் தென்னங்கள்ளின் காட்டு ஈஸ்ட்டில் செய்யத்தான் ஆசை. கள் லேபுக்குள்ளேயே வரக்கூடாது என்றுவிட்டார்கள். எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் கள்ளுக்கடை உண்டு. இங்கே அரசே பாட்டில் சரக்கு விற்கிறது, எங்கள் மரம் கொடுப்பது மட்டும் குற்றம். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி. கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்ட்டிலேயே செய்தேன். ஒரு சாயங்காலம் ஸ்லைடில் பார்த்தால், மொட்டு விட்ட சேய் செல் தாயை விட்டுப் பிரியாமலே அடுத்த மொட்டை விட்டிருக்கிறது, கிளை கிளையாக. அன்றைக்கு லேபில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஈஸ்ட் ஒட்டிக்கொள்வது சகஜம்தானே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அப்படி ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும்; அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றினால் அந்தக் கட்டி கலையும். என்னுடையது கலையவில்லை. ராட்கிளிஃப் குழுவின் கொத்துகளில், சேய் செல்லைத் தாயிடமிருந்து பிரித்துவிடும் நொதிகளை இயக்கும் ஏசிஇ2 மரபணு பழுதாகியிருந்தது. கொத்து முழுக்க ஒரே தாயின் வாரிசு. அதனால் ஒரு செல் செத்தாலும் அதன் மரபணு பக்கத்துச் செல்லில் இருக்கிறது. பெரிய கொத்தில் சில செல்கள் சாக, அந்த இடத்தில் உடைந்து சின்னக் கொத்து பிரிந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

"அது விலங்காகிவிடவில்லையே" என்பவர்களுக்கு: ஆனது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ராட்கிளிஃப் குழு 600 நாள் தொடர்ந்து வளர்த்து 2023-ல் வெளியிட்டதைத் தேடிப் படியுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும்படி செய்த ஈஸ்ட்டின் கொத்து, தொடக்கத்தைவிட 20,000 மடங்கு பெரிதாகி, மைக்ரோஸ்கோப் இல்லாமலே தெரிகிறது.